தோல்வி வேறு, சாவு வேறு

2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் தொடக்கச் சுற்றில், கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில், மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. 60ஆவது நிமிடத்தில் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் வலது ஓரத்திலிருந்து பந்தை உள்ளே கொண்டுவந்து கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. தொடக்கச் சுற்று ஆட்டம்தான். கைக்குக் கோப்பை எதுவும் வரவில்லை. ஆனால் அதற்கு முன் அந்த அணி மோகன் பகானிடம் வரிசையாக எட்டு முறை தோற்றிருந்தது. கடைசியாக வென்றது 2019 ஜனவரி 27இல். இடையில் 1,657 நாட்கள் ஓடியிருந்தன. அந்த நாட்களை விடாமல் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் ரசிகர்கள். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 3 அன்று, அதே மைதானத்தில் அதே கோப்பையின் இறுதி ஆட்டம். மோகன் பகானின் அனிருத் தாப்பா சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேரோடு ஆடிய அந்த அணிக்கு திமித்ரி பெத்ராத்தோஸ் கோல் அடித்தார். மோகன் பகான் 1-0 என்று வென்று 17ஆவது முறையாக டூரண்ட் கோப்பையைத் தூக்கியது. இருபத்திரண்டு நாட்களுக்குள் இரண்டு தரப்புக்கும் வாழ்நாள் முழுக்கச் சொல்ல ஒரு நல்ல நினைவும் ஒரு கெட்ட நினைவும் கிடைத்துவிட்டன.

கொல்கத்தாக்காரர்கள் 'போரோ மேட்ச்', பெரிய ஆட்டம், என்று அழைக்கும் இந்தப் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் வெற்றிகளை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்தை மூன்று தலைமுறையாக ஒரே கேலரியில் உட்கார வைப்பது அது கொண்டாடிய வெற்றிகளைவிட, செரிக்க முடியாமல் வைத்திருக்கும் தோல்விகள்தான் என்பது என் வாதம். மோசமான நினைவுதான் இந்தப் போட்டியின் மூலதனம். அதே சமயம், மோசமான நினைவுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. ஐந்து கோல் வாங்கிய தோல்விக்கு அடுத்த வருடமோ முப்பது வருடம் கழித்தோ மைதானத்திலேயே பதில் சொல்லலாம். கேலரியில் போன உயிருக்கு எந்தக் கோலாலும் பதில் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி, 'ரசிகர்களின் வெறி' என்று ஒரே பெயர் கொடுத்து, ஒன்று வேண்டுமானால் மற்றதையும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும்.

இந்தப் போட்டி பிறந்ததே ஒரு மனக்குறையில்தான். 1920 ஜூலை 28 அன்று கூச்பெஹார் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிரே ஜோராபகான் அணி இறங்கியது. சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை அன்று காரணம் சொல்லாமல் ஒதுக்கினார்கள். ஜோராபகானின் துணைத் தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌதுரி அதைப் பொறுக்காமல் வெளியேறினார். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர் என்பதால்தான் ஒதுக்கப்பட்டார் என்ற எண்ணம் வலுத்தது. நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் கிளப் உருவானது. அடுத்த குறை லீக்கின் முதல் டிவிஷனைப் பற்றியது. ஆங்கிலேயர் ஆதிக்கத்தில் இருந்த கல்கத்தா லீக்கில் முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருந்தது. மோகன் பகானும் ஆரியன்ஸும் ஏற்கெனவே அந்த இரண்டு இடங்களில் இருந்தன. விதியைத் தளர்த்தும் பேச்சு வந்தபோது ஆங்கிலேய கிளப்புகள் ஒத்துக்கொண்டன, சொந்த நாட்டு கிளப்புகள்தான் எதிர்த்தன என்று ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் நூறு வருடமாகச் சொல்லி வருகிறார்கள். கடைசியில் விதி தளர்ந்தது. 1925இல் ஈஸ்ட் பெங்கால் முதல் டிவிஷனில் ஏறியது. மே 28 அன்று இரண்டும் லீக்கில் முதன்முறையாக மோதியபோது நேபாள் சக்ரவர்த்தியின் ஒரே கோலில் புதிதாக வந்தவர்கள் வென்றார்கள். நுழைய விடமாட்டேன் என்றவர்களை நுழைந்த முதல் வருடமே தோற்கடித்த மனநிறைவு அது. முந்தைய அவமானம் இல்லாவிட்டால் அந்த ஒரு கோல் இத்தனை காலம் நினைவில் நின்றிருக்காது.

மோகன் பகான் ரசிகர்களுக்கு 1911 இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த வருடம் ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தியது, இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய நாட்களில் ஒன்று. ஆனால் அது இந்தப் போட்டிக்கு முந்தையது, எல்லா இந்தியருக்கும் பொதுவானது. ஒரு மோகன் பகான் ரசிகர் பெருமை பேச 1911ஐ எடுப்பார். ஈஸ்ட் பெங்கால் ரசிகரோடு ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டும்போது அவர் வாயில் வருவது 2009.

அந்த 2009ஐப் புரிந்துகொள்ள 1975க்குப் போக வேண்டும். எழுபதுகளின் முதல் பாதி ஈஸ்ட் பெங்காலுடையது. 1970 முதல் 1975 வரை ஆறு வருடமும் கல்கத்தா லீக்கை அந்த அணியே வென்றது. 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் அது மோகன் பகானை 5-0 என்று நசுக்கியது. ஷியாம் தாப்பா இரண்டு, சுரஜித் சென்குப்தா, ரஞ்சித் முகர்ஜி, சுபங்கர் சன்யால் ஆளுக்கு ஒன்று. பெரிய ஆட்டத்தின் வரலாற்றில் அதைவிடப் பெரிய வித்தியாசம் இன்றுவரை இல்லை. தோற்ற அணியின் வீரர்கள் சிலர் ரசிகர்களின் கோபத்துக்குப் பயந்து அன்று இரவைக் கங்கையில் ஒரு படகில் கழித்தார்கள் என்று கதை உண்டு. மறு வருடம், ஈஸ்ட் பெங்காலின் வெற்றிகளுக்குப் பின்னால் இருந்த பயிற்சியாளர் பி.கே. பானர்ஜியே மோகன் பகானுக்கு வந்து சேர்ந்தார். 1976 ஜூலையில் நடந்த லீக் ஆட்டத்தில் முகமது அக்பர் பதினேழாவது விநாடியில் கோல் அடிக்க, மோகன் பகான் வென்றது. அதோடு வலி கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் அந்த ஐந்து என்ற எண் தணியவில்லை. பள்ளிக்கூடத்திலும் டீக்கடையிலும் ஆபீஸிலும் ஈஸ்ட் பெங்கால் ஆட்கள் கையை விரித்துக் காட்டினால் போதும், ஐந்து விரல்களுக்கும் பொருள் சொல்லத் தேவையில்லை.

முப்பத்துநான்கு வருடம் கழித்து, 2009 அக்டோபர் 25 அன்று, ஐ-லீகில் மோகன் பகான் 5-3 என்று வென்றது. நைஜீரிய வீரர் சிதி எடே மட்டும் நான்கு கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்காலும் மூன்று கோல் போட்டது, ஷீல்டு போன்ற இறுதி ஆட்டமும் அல்ல. கணக்காகப் பார்த்தால் 5-0க்கு 5-3 ஈடாகாது. ஆனால் மோகன் பகான் ரசிகர்கள் பார்த்தது கணக்கை அல்ல, ஐந்து என்ற எண்ணை. 1975இல் பிறந்தே இராதவர்கள் அதைப் பழி தீர்த்த நாளாகக் கொண்டாடினார்கள். அப்பாவின் தோல்விக்கு மகன் மகிழ முடிந்தது. தோல்வியின் நினைவு இவ்வளவு தூரம் வராமல் இருந்திருந்தால், எட்டு கோல் விழுந்த அந்த ஆட்டம் ஒரு நல்ல பொழுதுபோக்காக மட்டும் மறைந்திருக்கும். சிறந்த நினைவுக்கு உயிர் கொடுப்பது மோசமான நினைவு என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இன்னொரு சான்று 1997 ஜூலை 13. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா அந்தப் போட்டி முழுக்கத் தன் 'டைமண்ட்' வியூகத்தால் எல்லா அணிகளையும் துவைத்து எடுத்துக்கொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன்பே ஈஸ்ட் பெங்கால் வீரர்களின் பெயர்களைத் திரித்துப் பத்திரிகைகளில் கிண்டல் செய்தார். சிக்கிமிலிருந்து வந்த பைச்சுங் பூட்டியாவைச் 'சுங்சுங்' என்றார். அந்தக் கிண்டலில் பிறப்பையும் முகத்தையும் இழிவுபடுத்தும் தொனி இருந்தது; இன்று யாராவது அப்படிப் பேசினால் நாம் மன்னிக்க மாட்டோம், மன்னிக்கவும் கூடாது. எதிரே ஈஸ்ட் பெங்கால் பெஞ்சில் பி.கே. பானர்ஜி இருந்தார். சால்ட் லேக் மைதானத்தில் அன்று 1,31,781 பேர் என்று கணக்கு சொல்கிறது. இந்தியாவில் எந்த விளையாட்டுக்கும் கூடிய மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்று. பூட்டியா மூன்று கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1. வாரக்கணக்கில் சீண்டலும் ஆத்திரமும் ஏறிய பிறகு, ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் அந்த மைதானத்துக்குள் வந்தார்கள், பார்த்தார்கள், பாதிப்பேர் நொறுங்கிப்போனார்கள், வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் சொன்னதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். அது தானாக நடக்கும் காரியம் இல்லை என்பதைக் கொல்கத்தா வேறு ஒரு நாளில் பார்த்திருந்தது.

1980 ஆகஸ்ட் 16. லீக் ஆட்டம், ஈடன் கார்டன்ஸில். ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்தும் மோகன் பகானின் பிதேஷ் போஸும் மோதிக்கொண்டார்கள். நடுவர் இருவரையும் வெளியேற்றினார். கேலரியில் கல்லும் செங்கல்லும் பறந்தன. கூட்டம் பயந்து வெளியேற முண்டியடித்ததில் 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அந்த நாளை வங்கத்தில் கால்பந்து அன்பர் தினமாக நினைவுகூர்ந்து ரத்ததான முகாம்கள் நடத்துகிறார்கள். மிக மோசமான நினைவு எது என்று கேட்டால் இரண்டு தரப்பும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டிய நாள் இது ஒன்றுதான். ஆனால் பழைய ஆட்டங்களைப் பேசும்போது அந்த 16 பேரும் 'அந்தக் காலத்து வெறியைப் பாருங்கள்' என்ற பெருமூச்சுக்குள் போய்விடுகிறார்கள். 1975இலும் இப்படி ஒன்று நடந்தது. ஐந்து கோல் தோல்வியைத் தாங்க முடியாத மோகன் பகான் ரசிகர் ஒருவர், அடுத்த பிறவியில் நல்ல ஆட்டக்காரனாகப் பிறந்து பழி தீர்ப்பேன் என்று எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். ஐம்பது வருடமாக அந்தச் சாவைப் பக்தியின் உச்சமாகவே எழுதுகிறார்கள். அவர் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது பக்தியாக இருந்திருக்காது. உடைந்துபோன ஓர் இளைஞனை யாரும் கவனிக்காமல் விட்ட கதை அது. கிளப்பின் பெருமைப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

2012 டிசம்பர் 9 அன்று நடந்ததும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததுதான், உயிர் போகவில்லை என்றாலும். ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் முன்னே இருந்தது, மோகன் பகானின் ஒடாஃபா சிவப்பு அட்டை வாங்கினார், கேலரி கொதித்தது. அங்கிருந்து வந்த கல் மோகன் பகானின் ரஹீம் நபியின் முகத்தைப் பதம் பார்த்தது. கன்ன எலும்பு முறிந்து அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இடைவேளைக்குப் பிறகு மோகன் பகான் களம் இறங்க மறுத்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் முதலில் இரண்டு வருடத் தடை போட்டது. பிறகு அதை நீக்கி, இரண்டு கோடி ரூபாய் அபராதம் விதித்து, அதுவரை பெற்ற புள்ளிகளைப் பறித்தது. இதே நபி 2009இல் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் ஆடியவர். நான்கு கோல் போட்ட சிதி எடே பின்னாளில் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். பூட்டியா மோகன் பகானுக்கும் ஆடினார். ஆட்டக்காரர்கள் கிளப் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கேலரியிலிருந்து வரும் கல் யார் மேல் விழும் என்பது அந்த வருட ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். இது வெறும் விளையாட்டுப் பகை இல்லை, இரண்டு மக்களின் பகை. மேற்கு வங்கத்துப் பூர்வகுடிகளான 'கொட்டி'களும் பிரிவினையில் வீடு வாசலை இழந்து வந்த 'பாங்கால்'களும் எதிரெதிரே உட்காரும் இடத்தில் கைகலப்பு வராமல் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். மோகன் பகான் வென்றால் இறாலும் ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீனும் சந்தையில் விலை ஏறும் ஊர் இது. இந்த வேர் உண்மையானது, நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நாடே கொந்தளித்த 2020 ஜனவரியில், பெரிய ஆட்டத்தன்று ஈஸ்ட் பெங்கால் கேலரி ஒரு மாபெரும் பதாகையை விரித்தது: இந்த மண் ரத்தம் கொடுத்து வாங்கியது, காகிதம் காட்டி வாங்கியதல்ல என்பது அதன் பொருள். அகதிகளின் பேரப்பிள்ளைகள் எழுதிய வாசகம் அது. ஆனால் கவனியுங்கள், அந்த வாசகம் எதிர்க் கேலரியை நோக்கி எழுதப்பட்டதல்ல. அரசை நோக்கி எழுதப்பட்டது. வேர் ஆழமாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவன் மேல் கல் விழுந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இடம்பெயர்ந்தவனின் துயரம் கேலரியில் எவ்வளவு கண்ணியமாகப் பேச முடியும் என்பதையே அந்தப் பதாகை காட்டியது.

இரண்டாவது மறுப்பு இதற்கு நேர் எதிரானது. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, ரசிகர்களைச் சாதுவாக்கினால் ஆட்டம் செத்துவிடும் என்பது. இதற்குச் சாட்சியாக இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) காலத்தைக் காட்டுவார்கள். அந்த லீகில் இரண்டு அணிகளும் முதன்முதலாக மோதியது 2020 நவம்பர் 27 அன்று கோவாவில், கொரோனாவால் ஆளே இல்லாத மைதானத்தில். மோகன் பகான் அப்போது ஏ.டி.கே. என்ற நிறுவன அணியோடு இணைக்கப்பட்டு, பெயருக்கு முன்னால் அந்த எழுத்துகளைச் சுமந்துகொண்டிருந்தது. ஈஸ்ட் பெங்காலோ சில வருடங்களுக்குள் முதலீட்டாளர் மாறி முதலீட்டாளர் என்று அலைந்துகொண்டிருந்தது. ஆட்டத்தை நிறுவனங்கள் உயிரற்றதாக்கும் ஆபத்து உண்மைதான். ஆனால் அந்த ஆபத்தை எதிர்கொண்டது எப்படி? மோகன் பகான் ரசிகர்கள் ஏ.டி.கே.வை நீக்கு என்று மூன்று வருடம் விடாமல் கோஷமிட்டார்கள், பதாகை பிடித்தார்கள், ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். கோப்பை கைக்கு வந்த இரவே உரிமையாளர் பெயர் மாற்றத்தை அறிவித்தார். ஒருவர் மண்டையும் உடையவில்லை. ரசிகர்களின் தீவிரத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேண்டுமா? தீவிரமும் வன்முறையும் ஒரே பானையில் வேகும் என்று நம்புகிறவர்கள் இந்த மூன்று வருடத்தைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பைச் சொல்பவர்கள் அதிகாரிகள்: இவ்வளவு பெரிய கூட்டத்தை அடக்க முடியாது. இதற்கான விடை 2024 ஆகஸ்டில் கிடைத்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டு ஊரே தெருவில் இருந்தது. ஆகஸ்ட் 18 அன்று நடக்க வேண்டிய டூரண்ட் கோப்பைப் பெரிய ஆட்டம் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்யப்பட்டது. கேலரிகளில் நீதி கேட்டுக் கோஷம் எழும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆட்டம் இல்லாத அந்த மாலை மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கிளப்புகளின் ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே ஒன்றாகத் திரண்டார்கள். இரண்டு கேலரிக்கும் ஒரே குரல் என்று முழங்கினார்கள். மோகன் பகான் ரசிகரின் தோளில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர் ஏறி நின்ற படம் நாடு முழுக்கப் போனது. போலீஸ் தடியடி நடத்தியது, பலரைப் பிடித்து வேனில் ஏற்றியது. ஆட்டத்துக்குக் காவல் கொடுக்க இல்லாத போலீஸ் கூட்டத்தை அடிக்க எங்கிருந்து வந்தது என்று ரசிகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நூறாண்டுப் பகையைச் சுமந்த கூட்டம் எந்தத் தடுப்பும் இல்லாமல் தோளோடு தோள் நின்ற நாளில், கையில் ஆயுதத்தோடு இருந்தது அந்தக் கூட்டம் அல்ல.

ஆகவே ரசிகர்களின் சுபாவத்தைக் குறை சொல்வது எளிய வழி, தவறான வழியும்கூட. 1980இல் 16 பேர் செத்ததையும் 1997இல் ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் பேர் வீடு திரும்பியதையும் ஒரே மக்களைக் கொண்டு விளக்க முடியாது. விளக்கம் வேறு இடங்களில் இருக்கிறது: எத்தனை டிக்கெட் விற்றார்கள், எந்தப் பகுதிக்கு யாரை அனுப்பினார்கள், எத்தனை வாசல் திறந்திருந்தது, எறிய வசதியாகச் செங்கல் ஏன் கிடந்தது, நடுவரின் முடிவுக்குப் பின் நிலைமையைக் கையாள யார் பொறுப்பு. சால்ட் லேக் மைதானத்தில் பின்னாளில் இருக்கைகள் பொருத்திக் கொள்ளளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார்கள். 1997இன் கூட்டம் இனி வராது என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. உட்கார இடமும் வெளியேற வழியும் உள்ள அறுபதாயிரம் பேர் போதும். நந்தகுமாரின் கோலுக்கு எழுந்த சத்தம் குறைவானதாக யாரும் சொல்லவில்லை.

கிளப்புகளும் ஒன்று செய்ய வேண்டும். இரண்டின் கூடாரங்களிலும் கோப்பைகள் வரிசையாக இருக்கின்றன, பழைய அணிகளின் படங்கள் தொங்குகின்றன. 1975ஐ ஒரு பக்கமும் 2009ஐ இன்னொரு பக்கமும் எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டாடட்டும். தோற்றவர்கள் அதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கட்டும், அதுதான் இந்த ஆட்டத்தின் சாறு. ஆனால் 1980 ஆகஸ்ட் 16 இரண்டு கிளப்புக்கும் பொதுவான நாள். 2021இல் மாநில அரசு அதே தேதியை 'கேலா ஹோபே திபஸ்' என்ற விளையாட்டு நாளாக அறிவித்தது. ஒரு தேர்தல் கோஷத்தின் பெயரைத் துக்க நாளின் மேல் ஏற்றியது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த 16 பேரின் பெயர்களையும் ஈடன் கார்டன்ஸிலும் சால்ட் லேக்கிலும் பார்வைக்குத் தெரியும் இடத்தில் பொறிக்க வேண்டும். ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை நடக்கும் காலத்திலேயே அந்தத் தேதி வருகிறது. அதையொட்டிய பெரிய ஆட்டத்துக்கு முன் இரண்டு கேப்டன்களும் அங்கே போய் நிற்கலாம். ஒவ்வொரு சீசனிலும் பெரிய ஆட்டத்துக்கு டிக்கெட் விற்கும் முன் வாசல்கள், காவல், மருத்துவ உதவி பற்றிய திட்டத்தை ரசிகர் சங்கங்களின் பிரதிநிதிகளிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவதைக் கால்பந்துச் சங்கம் விதியாக்கலாம். 2024இல் தெருவில் ஒன்றாக நின்றவர்கள் அந்த மேசையிலும் ஒன்றாக உட்காருவார்கள்.